டைமர் ஒன்று, வேலை பல
விளையாட்டு நிரலாக்கம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பல, கோடோ, யூனிட்டி ஆகிய விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்களின் டைமரைச் சுற்றியே இருக்கின்றன. அதனால் இந்தப் பக்கத்தை முழுக்க டைமருக்கே கொடுத்துவிட்டோம். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஃபங்ஷன்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் தமிழ்ப் பெயர்களை உங்கள் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: கோடோ 4-இல் மாமாக் கடை விளையாட்டு ஒன்று செய்துவருகிறேன். ரொட்டி சானாய் தயாராவதில் நான்கு கட்டங்கள். மாவு வீச 1.5 வினாடி, கல்லில் ஒரு பக்கம் வேக 4 வினாடி, திருப்பிப் போட்டு 3 வினாடி. வெந்த பிறகு 5 வினாடிக்குள் எடுக்காவிட்டால் கருகிவிடும். ஒரே டைமரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அதன் டைம்அவுட் சிக்னலை (நேரம் முடிந்ததும் டைமர் அடிக்கும் மணி) அடுத்த ஃபங்ஷனோடு கனெக்ட் செய்கிறேன். முதல் மணி சரியாக அடிக்கிறது. இரண்டாம் மணிக்கு இரண்டு ஃபங்ஷன்கள் ஓடுகின்றன, கூடவே 'ஏற்கெனவே இணைக்கப்பட்டுள்ளது' என்ற பொருளில் ஒரு பிழையும் வருகிறது. மூன்றாம் மணிக்கு மூன்று ஃபங்ஷன்கள். டைமரில் கோளாறா?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: டைமரில் கோளாறு இல்லை. கனெக்ட் என்பது பழைய இணைப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். அது சேர்க்க மட்டுமே செய்யும். ஒரு சிக்னலுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. கனெக்ட் போடும்போதெல்லாம் அதில் ஒரு பெயர் கூடும், மணி அடித்தால் பட்டியலில் இருக்கும் எல்லாரும் எழுந்துகொள்வார்கள்.

உங்கள் நிரலில் முதல் மணிக்கு 'கல்லில்_போடு' ஓடி, 'திருப்பு' என்பதைப் பட்டியலில் சேர்க்கிறது. இரண்டாம் மணிக்கு 'கல்லில்_போடு' மறுபடி ஓடுகிறது, ஏனென்றால் அதை யாரும் நீக்கவில்லை. அது 'திருப்பு' என்பதை இன்னொரு முறை சேர்க்கப் பார்க்கிறது. ஒரே ஃபங்ஷனை ஒரே சிக்னலில் இரண்டு முறை சேர்க்கக் கோடோ விடாது, பிழை அதனால்தான். இதற்குள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனும் தன் பங்குக்கு ஸ்டார்ட் போடுவதால், கடைசியில் எந்த வினாடிக் கணக்கு நிற்கிறது என்பதும் உங்கள் கையில் இல்லை.

உடனே தோன்றும் மருந்து டிஸ்கனெக்ட். ஆனால் இணைப்பில் இல்லாததை டிஸ்கனெக்ட் செய்தாலும் பிழைதான். அதனால் ஒவ்வொரு இடத்திலும் இஸ்_கனெக்டட் என்று கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், எந்தக் கட்டம் எதை இணைத்தது என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். நான்கு கட்டத்துக்குத் தாங்கும். பத்துக் கட்டமானால் தலை சுற்றும்.

இரண்டாவது மருந்து, கனெக்ட் செய்யும்போதே கனெக்ட்_ஒன்_ஷாட் என்ற கொடியைச் சேர்ப்பது. ஒரு முறை அடித்ததும் அந்த இணைப்பு தானாகக் கழன்றுவிடும். இதை டைமரின் சொந்த ஒன்_ஷாட் பண்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். டைமரின் பண்பு 'ஒரு முறை அடித்துவிட்டு நில்' என்கிறது, கொடி 'ஒரு முறை கூப்பிட்டபின் என்னை மறந்துவிடு' என்கிறது. கொடியிலும் ஓர் ஓட்டை உண்டு. ரொட்டி கல்லில் இருக்கும்போதே வாடிக்கையாளர் எழுந்து போய்விட்டார், நீங்கள் டைமரை ஸ்டாப் செய்கிறீர்கள். மணி அடிக்கவே இல்லை, ஆகவே 'திருப்பு' கழலவும் இல்லை. அடுத்த ரொட்டியின் மாவு வீசி முடிந்து முதல் மணி அடிக்கும்போது, கல்லுக்கே போகாத ரொட்டியை அது திருப்பிப் போடும். இந்தப் பிழை விளையாடும்போது எப்போதாவது ஒரு முறைதான் தலைகாட்டும், தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

நாங்கள் சொல்வது மூன்றாவது வழி. சிக்னலைத் தொடக்கத்தில் ஒரே ஒரு ஃபங்ஷனோடு இணைத்துவிட்டு, அதன்பின் அந்த இணைப்பைத் தொடவே தொடாதீர்கள். மாறவேண்டியது, அந்த ஃபங்ஷன் யாரைக் கூப்பிட வேண்டும் என்று குறித்து வைத்திருக்கும் மாறி மட்டும். கோடோ 4-இல் ஃபங்ஷனையே ஒரு மாறியில் வைக்கலாம், அந்த வகைக்குக் காலபிள் என்று பெயர்.

வார் அடுத்தது: காலபிள் = காலபிள்()

ஃபங்க் _ரெடி():
    டைமர்.ஒன்_ஷாட் = ட்ரூ
    டைமர்.டைம்அவுட்.கனெக்ட்(மணி_அடித்தது)

ஃபங்க் பிறகு(வினாடி: ஃப்ளோட், வேலை: காலபிள்):
    அடுத்தது = வேலை
    டைமர்.ஸ்டார்ட்(வினாடி)

ஃபங்க் மணி_அடித்தது():
    வார் இப்போது = அடுத்தது
    அடுத்தது = காலபிள்()
    இஃப் இப்போது.இஸ்_வேலிட்():
        இப்போது.கால்()

ஃபங்க் கல்லில்_போடு():
    பிறகு(4.0, திருப்பு)

ஃபங்க் திருப்பு():
    பிறகு(3.0, வெந்தது)

ஃபங்க் கைவிடு():
    டைமர்.ஸ்டாப்()
    அடுத்தது = காலபிள்()

'மணி_அடித்தது' என்பதில் உள்ள வரிசையை மாற்றிவிடாதீர்கள். முதலில் நகல் எடுக்கிறோம், பிறகு மாறியைக் காலி செய்கிறோம், அதன்பிறகுதான் கூப்பிடுகிறோம். கூப்பிட்டுவிட்டுக் காலி செய்தால் என்ன ஆகும்? கூப்பிடப்பட்ட 'கல்லில்_போடு' அடுத்த வேலையாகத் 'திருப்பு' என்பதை எழுதிவைத்திருக்கும், திரும்பி வந்ததும் நீங்கள் அதை அழித்துவிடுவீர்கள். டைமர் ஓடும், மணியும் அடிக்கும், ரொட்டி மட்டும் கல்லிலேயே கிடக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது.

அடைப்புக்குறியிலும் கவனம் தேவை. பிறகு(4.0, திருப்பு) என்றால் ஃபங்ஷனைக் கொடுக்கிறீர்கள். பிறகு(4.0, திருப்பு()) என்றால் அதை அங்கேயே ஓட்டிவிட்டு, அது திருப்பித் தந்ததைக் கொடுக்கிறீர்கள், அதாவது ஒன்றுமில்லாததை. மேலே 'வேலை: காலபிள்' என்று வகையைக் குறித்திருப்பது அதற்காகத்தான். தவறினால் கோடோ அந்த வரியிலேயே நிறுத்திக் காட்டும்.

'உடனே நடக்கட்டும்' என்று பிறகு(0, திருப்பு) எழுதுவோரும் உண்டு. ஸ்டார்ட் கட்டளைக்குப் பூஜ்யத்தைவிடப் பெரிய எண் கொடுத்தால்தான் அது வெயிட்_டைம் ஆகும். பூஜ்யம் கொடுத்தால், கடைசியாக இருந்த வெயிட்_டைமே மறுபடி ஓடும். உடனே வேண்டுமென்றால் டைமர் எதற்கு? ஃபங்ஷனை நேராகக் கூப்பிடுங்கள்.

நிரல் மூலமாக டைமரை உருவாக்கினால், ஆட்_சைல்ட் செய்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். காட்சி மரத்துக்குள் (ஓடும் விளையாட்டில் உள்ள பொருள்களின் அடுக்கு) இல்லாத டைமர் ஓடாது.

இந்த வழியும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஆட்டத்தின் நடுவே சேமித்துவிட்டு நாளை தொடரும் வசதி உங்கள் விளையாட்டில் இருந்தால், காலபிளைக் கோப்பில் எழுதி வைக்க முடியாது. அப்போது 0, 1, 2, 3 என்று கட்ட எண்ணை வைத்துக்கொண்டு, 'மணி_அடித்தது' என்பதற்குள் மேட்ச் போட்டுப் பிரியுங்கள். கட்ட எண்ணையும் டைமரின் டைம்_லெஃப்ட் மதிப்பையும் எழுதி வைத்தால், ரொட்டி விட்ட இடத்திலிருந்தே வேகும்.

கேள்வி: என் விளையாட்டில் ஐந்து மேசைகள், மேசைக்கு ஒரு டைமர். எல்லா டைமரும் ஒரே ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும், ஆனால் எந்த மேசை என்று அதற்குத் தெரிய வேண்டும். டைம்அவுட் சிக்னல் எந்த மதிப்பையும் அனுப்புவதில்லையே?
– செந்தூல் வாசகர்

பதில்: ஃபங்ஷனோடு ஒரு மதிப்பை முன்கூட்டியே கட்டிவைக்கும் பைண்ட் போதும். மேசை எண் 3 என்றால், டைமர்.டைம்அவுட்.கனெக்ட்(பொறுமை_இழந்தார்.பைண்ட்(3)). பைண்ட் செய்த மதிப்புகள், சிக்னல் அனுப்பும் மதிப்புகளுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். டைம்அவுட் எதையும் அனுப்பாததால் இங்கே உங்கள் 3 முதல் இடத்திலேயே வரும். நாளைக்கு வேறொரு சிக்னலில், அது ஒரு மதிப்பை அனுப்பினால், உங்கள் எண் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

லாம்டாவும் (பெயர் வைக்காமல் அங்கேயே எழுதும் ஃபங்ஷன்) எழுதலாம். ஆனால் கோடோவின் மொழியான ஜிடிஸ்கிரிப்டில் லாம்டா, வெளியே உள்ள உள்ளூர் மாறியின் மதிப்பை, தான் உருவாகும் நேரத்தில் நகலெடுத்துக்கொள்கிறது. ஃபார் சுழற்சிக்குள் எழுதினால் ஐந்து லாம்டாவும் ஐந்து வெவ்வேறு எண்களைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும். மறுபக்கம், லாம்டாவுக்குள் 'எண்ணிக்கை += 1' என்று எழுதினால் நகல்தான் கூடும், வெளியே உள்ள எண்ணிக்கை அசையாது. அதைக் கிளாஸின் மாறியாக மாற்றுங்கள்.

யூனிட்டியிலிருந்து வருவோருக்கு இது தலைகீழ். அங்கே எழுதும் சி ஷார்ப் மொழியில் லாம்டா மாறியையே பிடித்துக்கொள்கிறது, நகலை அல்ல. 0 முதல் 4 வரை ஓடும் ஃபார் சுழற்சியில் ஐந்து லாம்டாக்களை உருவாக்கிப் பின்னால் கூப்பிட்டால் ஐந்துமே 5 என்று சொல்லும், இல்லாத மேசைக்குத் தே தாரிக் போகும். சுழற்சிக்குள் 'இன்ட் மேசை = ஐ' என்று புதிய மாறி ஒன்றை வைத்து அதைப் பயன்படுத்தினால் தீர்ந்தது.

கேள்வி: கோடோவில் இடைநிறுத்தப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் நிற்கிறது. ஆனால் 'அவெய்ட் கெட்_ட்ரீ().கிரியேட்_டைமர்(2.0).டைம்அவுட்' என்று எழுதிய இடங்களில் மட்டும் இரண்டு வினாடியில் பகைவன் வந்து நிற்கிறான். அதோடு, ஆட்டத்தை மறுபடி தொடங்கினாலும் பழைய ஆட்டத்தின் பகைவர்கள் சிலர் வருகிறார்கள்.
– பாயான் லெப்பாஸ் வாசகர்

பதில்: கிரியேட்_டைமர் கொடுப்பது நீங்கள் காட்சியில் வைக்கும் டைமர் கணு அல்ல. அது மரத்தோடு ஒட்டிய தற்காலிக டைமர். அதன் இரண்டாம் அளபுரு, இடைநிறுத்தத்திலும் ஓடட்டுமா என்று கேட்கிறது, சொல்லாமல் விட்டால் விடை 'ஆம்'. கிரியேட்_டைமர்(2.0, ஃபால்ஸ்) என்று எழுதினால் இடைநிறுத்தத்தில் நிற்கும். நான்காம் அளபுரு, எஞ்சினின் டைம்_ஸ்கேல் மதிப்பைப் புறக்கணிக்கலாமா என்பது. மெதுவான காட்சிக்காக டைம்_ஸ்கேலை 0.5 ஆக்கினால் 2 வினாடி டைமர் 4 வினாடி எடுக்கும். 'மெதுவான காட்சியை முடி' என்ற வேலையையே டைமரில் கட்டியிருப்பவர்களுக்கு இந்த அளபுரு உதவும்.

பழைய பகைவர்கள் வருவதற்குக் காரணம் வேறு. இந்தத் தற்காலிக டைமரை ஸ்டாப் செய்ய வழி கிடையாது. அவெய்ட்டில் தூங்கும் ஃபங்ஷன், நேரம் வந்ததும் விட்ட வரியிலிருந்து எழுந்து ஓடும், இடையில் ஆட்டம் மாறியது அதற்குத் தெரியாது. கிளாஸ் அளவில் 'சுற்று' என்றொரு முழு எண் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் மறுபடி தொடங்கும்போதெல்லாம் அதில் ஒன்று கூட்டுங்கள். அவெய்ட்டுக்கு முன் 'வார் என்_சுற்று = சுற்று' என்று குறித்துக்கொண்டு, அவெய்ட்டுக்கு அடுத்த வரியிலேயே 'இஃப் என்_சுற்று != சுற்று: ரிட்டர்ன்' என்று எழுதுங்கள். பழைய ஆட்டத்தில் தூங்கியவன் எழுந்ததும் எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். ஒரே ஃபங்ஷனில் மூன்று அவெய்ட் இருந்தால் மூன்றுக்குப் பிறகும் இந்தச் சோதனை வேண்டும்.

இடையில் நிறுத்த நேரும் வேலை எதற்கும் நாங்கள் கிரியேட்_டைமரைப் பயன்படுத்துவதில்லை. வெடிச் சத்தம், மின்னி மறையும் எழுத்து போன்றவற்றுக்கு அது போதும். பகைவன், மதிப்பெண், வெற்றி தோல்வி என்று வந்துவிட்டால் டைமர் கணுவே மேல்.

கேள்வி: யூனிட்டியில் நானே டைமர் கிளாஸ் எழுதியிருக்கிறேன். 'முடிந்தது' என்ற ஈவன்டில் (கோடோவின் சிக்னல் போன்றது) += போட்டு லாம்டாவைச் சேர்க்கிறேன். வேலை மாறும்போது அதே லாம்டாவை -= போட்டு நீக்குகிறேன். பிழை எதுவும் இல்லை, ஆனால் பழைய லாம்டா போவதாகவும் இல்லை.
– பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

பதில்: நீங்கள் நீக்கச் சொன்னது அதே லாம்டாவை அல்ல. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும், இரண்டு இடத்தில் எழுதிய லாம்டா இரண்டு தனிப் பொருள்கள். பட்டியலில் இல்லாததை -= செய்தால் சி ஷார்ப் முணுமுணுக்காது, சும்மா இருந்துவிடும். லாம்டாவை ஆக்‌ஷன் வகை மாறி ஒன்றில் வைத்து, அந்த மாறியையே += செய்யுங்கள், அதையே -= செய்யுங்கள்.

ஆனால் உங்கள் தேவைக்கு ஈவன்டே அதிகப்படி. ஒரு நேரத்தில் ஒரே வேலைதான் என்றால், டைமர் கிளாஸுக்குள் சாதாரண ஆக்‌ஷன் மாறி ஒன்று வைத்து, '=' குறியால் எழுதுங்கள். += சேர்க்கும், = மாற்றும். அப்டேட்டில் மீதி நேரத்திலிருந்து டைம்.டெல்டாடைமைக் கழித்துக்கொண்டே வந்து, அது பூஜ்யத்தைத் தொட்டதும், பட்டர்வொர்த் வாசகருக்குச் சொன்ன அதே வரிசை: நகலெடு, மாறியை நல் ஆக்கு, பிறகு கூப்பிடு. டைமர், காட்சி மாறினாலும் அழியாத பொருளில் இருந்தால், லாம்டாவின் சொந்தக்காரர் அழியும்போது ஆன்டிஸ்ட்ராயில் அந்த மாறியைக் காலி செய்ய வேண்டும். மறந்தால், அழிந்துபோன பொருளைத் தொடும் பிழை வரும்.

இன்வோக் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். அது ஃபங்ஷனின் பெயரை எழுத்துச் சரமாக வாங்குகிறது. பெயரை மாற்றிவிட்டுச் சரத்தை மாற்ற மறந்தால், கம்பைலர் கண்டுகொள்ளாது, ஓடும்போதுதான் தெரியும். பயன்படுத்தியே ஆகவேண்டுமென்றால் நேம்ஆஃப் போட்டு எழுதுங்கள்.

கேள்வி: எல்.ஆர்.டி. ரயில் விளையாட்டு, கோடோவில். கதவு 3 வினாடியில் மூட வேண்டும், யாராவது நுழைந்தால் மறுபடி 3 வினாடி. ஓடிக்கொண்டிருக்கும்போதே வெயிட்_டைமை மாற்றிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.
– பாங்சார் வாசகர்

பதில்: வெயிட்_டைமை மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் எண்ணிக்கை மாறாது, அடுத்த ஓட்டத்துக்குத்தான் செல்லும். நுழையும் ஒவ்வொருவருக்கும் டைமர்.ஸ்டார்ட்(3.0) என்று கூப்பிடுங்கள். ஓடும் டைமரை ஸ்டார்ட் செய்தால் அது முதலிலிருந்து எண்ணும்.

கேள்வி: உறுமி மேளத் தாள விளையாட்டு. நிமிடத்துக்கு 140 அடி. ஒவ்வோர் அடிக்கும் ஒன்_ஷாட் டைமரை மறுபடி ஸ்டார்ட் செய்து, அடுத்த அடிக்கான ஃபங்ஷனைக் கொடுக்கிறேன். பாட்டு பாதி போவதற்குள் திரையும் மேளமும் பிரிந்துவிடுகின்றன.
– ஜார்ஜ்டவுன் வாசகர்

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 140 அடி என்றால் அடிக்கு 0.4286 வினாடி. வினாடிக்கு 60 ஃபிரேம் (திரையில் ஒரு முறை வரையப்படும் படம்) ஓடும் கணினியில் அது 25.7 ஃபிரேம். டைமர் ஃபிரேமுக்கு ஒரு முறைதான் பார்க்கும், ஆகவே 26ஆம் ஃபிரேமில், அதாவது 0.4333 வினாடியில் அடிக்கும். ஒவ்வோர் அடிக்கும் 0.0048 வினாடி தாமதம். நீங்கள் புதிதாக ஸ்டார்ட் செய்வதால் அந்த மிச்சம் அங்கேயே தொலைந்துபோகிறது. இரண்டு நிமிடப் பாட்டில் 280 அடி, மொத்தத் தாமதம் 1.33 வினாடி. மேளம் மூன்று அடி முன்னே போய்விட்டது.

ஒன்_ஷாட்டை அணைத்து, தானாகத் திரும்ப ஓடும் டைமராக வைத்தால் மிச்சம் அடுத்த சுற்றில் கழிக்கப்படும், தாமதம் சேராது. அப்போதும் ஒவ்வோர் அடியும் ஒரு ஃபிரேம் வரை தள்ளாடும். அதோடு, ஒலி ஓடும் கடிகாரம் வேறு, ஃபிரேம் ஓடும் கடிகாரம் வேறு. கைப்பேசி ஒரு நொடி திணறினால் திரை நிற்கும், மேளம் நிற்காது.

தாள விளையாட்டுக்கு டைமரை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் பாட்டையே கேளுங்கள், எங்கே இருக்கிறாய் என்று. ஆடியோஸ்ட்ரீம்பிளேயரின் கெட்_பிளேபேக்_பொசிஷன் மதிப்போடு, ஆடியோசர்வரின் கெட்_டைம்_சின்ஸ்_லாஸ்ட்_மிக்ஸ் மதிப்பைக் கூட்டி, கெட்_அவுட்புட்_லேட்டன்சி மதிப்பைக் கழியுங்கள். ஒலி துண்டு துண்டாகக் கலக்கப்படுவதால் முதல் மதிப்பு தாவித் தாவி வரும், இரண்டாவது அந்த இடைவெளியை நிரப்பும், மூன்றாவது ஒலிபெருக்கியைச் சேர ஆகும் நேரம். லேட்டன்சி கேட்பது கொஞ்சம் கனமான வேலை, தொடக்கத்தில் ஒரு முறை கேட்டு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த வினாடியை 140-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்து, கீழ் முழு எண்ணாக்கினால் அடியின் எண் கிடைக்கும். அது 'கடைசி_அடி' என்பதைவிடப் பெரிதாக இருந்தால், அந்த எண்ணுக்குரிய காலபிளைப் பட்டியலிலிருந்து எடுத்துக் கூப்பிடுங்கள். ஃபிரேம் திணறி இரண்டு அடிகள் ஒன்றாகத் தாண்டியிருக்கலாம், அதனால் இஃப் போதாது, வைல் போட்டு ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். கணக்கிட்ட வினாடி சில சமயம் முந்தைய ஃபிரேமைவிடக் கொஞ்சம் குறைந்தும் வரும், அப்படி வந்தால் அந்த மதிப்பைத் தள்ளிவிடுங்கள். பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடும்படி வைத்திருந்தால், அந்தப் பெரிய சரிவைத் தனியாகக் கண்டுபிடித்துக் கடைசி_அடியை -1 ஆக்க வேண்டும். 0 ஆக்கினால் முதல் அடி விழாது.